கேபிள்காரரின் ஏழு வாரத் தாடி

"வயரை அறுத்தது நீங்க. எங்கண்ணன் இல்ல."

"அறுக்கலைன்னு எத்தனை தடவை சொல்றது? கழட்டினேன். அறுக்கறது வேற, கழட்டறது..."

"கழட்டி என்ன பண்ணீங்க?"

"பத்திரமாத்தானே வச்சிருந்தேன். பெட்டியை ஈரத்துணியால தொடைச்சு, வயரைச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு..."

"போட்டு, அவன் வந்து நிக்கறப்போ, நாலு பேருக்கு முன்னாடி 'இந்தாங்க மச்சான்'னு கையில குடுத்தீங்க. அதுக்கு அறுத்தே இருக்கலாம்."

"மரியாதையாத்தானே குடுத்தேன்."

"அதான் அவனுக்கு வலிக்குது."

சுழல் நாற்காலியில் முகம் முழுக்க நுரையோடு சாய்ந்திருந்த மருந்துக்கடைக்காரர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "நான் வேணா அப்புறம் வரட்டுமா?"

"நீங்க ஆடாம இருங்க" என்றார் சலூன்காரர்.

"நீங்களே நியாயம் சொல்லுங்கண்ணே" என்றது தடுப்புக்கு அப்பாலிருந்து அவர் மனைவியின் குரல்.

தொண்டைக்குழியில் கத்தி இருக்கும்போது கடைக்காரரின் பெண்டாட்டிக்கு நியாயம் சொல்ல எந்த மடையன் துணிவான்? மருந்துக்கடைக்காரர் திறந்த கண்ணையும் மூடிக்கொண்டார்.

கடை என்னவோ ஒரே அறைதான். நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. இடப்பக்கம் அவர் ராஜ்ஜியம்: இரண்டு சுழல் நாற்காலி, நீளக் கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு, எல்லாருக்கும் பொதுவாகச் சுவரில் ஒரு டிவி. வலப்பக்கம் பெண்களுக்கான பார்லர், அது அவளுடையது. அங்கே ஒரே ஒரு நாற்காலி, புருவம் எடுக்கிற நூற்கண்டு, முடி உலர்த்தும் மெஷின், தெருவைப் பார்த்த சன்னல். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி வாசல், தனித்தனி படி. தடுப்பு கூரை வரை எட்டாததால் இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தின் பாதிச் சண்டைகள் அதற்கு மேலாகத்தான் போய்வந்தன. கைகள் பாட்டுக்கு வேலையில் இருக்கும். வாய்களுக்கு அந்த இடைவெளி போதும்.

இன்றைய சண்டைக்குக் காரணம் அவள் அண்ணி காலையில் செய்த போன்.

அவளுடைய அண்ணன்தான் அந்த வட்டாரத்துக்கே கேபிள்காரர். கம்பத்துக்குக் கம்பம், மாடிக்கு மாடி ஓடுவதெல்லாம் அவர் இழுத்த வயர். ஞாயிற்றுக்கிழமை சலூன் திறந்ததும் முதல் நாற்காலி அவருக்கு என்பது எழுதாத சட்டம். தங்கை வீட்டுக்காரர் கையில் முகத்தைக் கொடுத்துவிட்டு அரைத்தூக்கம் போடுவார். பளபளவென்று எழுந்து, தடுப்புக்கு மேலே கையை மட்டும் தூக்கிக் காட்டி, "வர்றேம்மா" என்று போவார். தன் முகத்தைத் தானே மழித்த பழக்கம் அவருக்குக் கிடையாது. ஒரே ஒரு தடவை முயன்று பார்த்ததில் பாதி மீசை போயிற்று. மிச்சப் பாதியைக் கையால் பொத்திக்கொண்டு ஓடிவந்து விழுந்த இடமும் இதே நாற்காலிதான்.

அந்த முகத்தில் இப்போது ஏழு வாரத் தாடி. கோபத்தை வளர்க்கிற மனிதர்களைப் பார்த்திருக்கிறோம். கேபிள்காரர் அதைத் தாடியாகவே வளர்த்துவிட்டார்.

அண்ணி போனில் சொன்னது இதுதான்: வெளிநாட்டிலிருந்து மகள் திங்கட்கிழமை கைக்குழந்தையோடு வருகிறாள். வீடியோவில் தாத்தாவின் தாடியைப் பார்த்தே குழந்தை வீறிட்டு அழுகிறது. "ஞாயித்துக்கிழமை எடுத்தே தீரணும்னுட்டேன். மூணாவது தெருவுல ஏசி போட்டுப் புதுசா ஒரு சலூன் வந்திருக்காமே, அங்க போறேங்கறார். உன் காதுல போட்டு வைக்கறேன். அப்புறம் அண்ணி சொல்லலைன்னு சொல்லாதே."

இருபத்திரண்டு வருஷம் ஒரு கைக்குக் கொடுத்த முகத்தை இன்னொரு கைக்குக் கொடுத்துவிட்டால் அப்புறம் அந்த உறவில் என்ன மிஞ்சும்? தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் அல்லவா.

"நாளைக்கு அவன் அந்தக் கடையில உக்காந்துட்டா, எனக்கு அண்ணன்னு ஒருத்தன் இருக்கறது போட்டோவுல மட்டும்தான்" என்றாள் தடுப்பைப் பார்த்து. "ஒரு போன் போட்டுத் தப்புன்னு சொன்னா உங்க கிரீடம் இறங்கிடுமா?"

"என்ன தப்பு? மழை தூறினா படம் நிக்குது. போன் போட்டா 'பாக்கறேன் மாப்பிள்ளை'ங்கறார். அவர் பாக்கறதுக்குள்ள ஆட்டமே முடிஞ்சு போகுது. சினிமாவா, பத்து நிமிஷம் படம், பத்து நிமிஷம் நகைக்கடை. இப்போ பாரு, நினைச்ச படம், நினைச்ச நேரம், நிறுத்தி நிறுத்திப் பாக்கலாம். பந்தாட்டம் எல்லாமே வருது. ஊரே நெட்டுக்கு மாறுது, நான் மட்டும் மாறக்கூடாதா?"

"மாறினது தப்புன்னு யார் சொன்னா? அவன் மாமியாருக்குக் கண் ஆபரேஷன்னு மூணு நாள் ஊருக்குப் போயிருந்தப்போ மாத்தினீங்களே, அது?"

தடுப்புக்கு அந்தப் பக்கம் கத்தியைத் துண்டில் துடைக்கும் சத்தம் கேட்டது.

அன்று நடந்தது அவளுக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. ஊரிலிருந்து திரும்பிய அண்ணன் வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை வந்தார். நிமிர்ந்து பார்த்தார். டிவிக்குக் கீழே கேபிள் பெட்டி இல்லை. ரப்பர் பேண்ட் போட்ட வயரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க" என்றார். 'மாப்பிள்ளை' இல்லை. 'நன்றிங்க'. அந்த 'ங்க'வில் தடுப்புக்கு இந்தப் பக்கம் அவள் கையிலிருந்த நூல் அறுந்து, புருவம் எடுத்துக்கொண்டிருந்த பெண்மணி "ஆ" என்றாள்.

புது வசதி வந்த முதல் ஆட்டத்திலேயே ஒரு கூத்து வெளிப்பட்டது. எதிர்ச்சாரியில் இருக்கும் பேக்கரியிலிருந்து திடீரென்று கூரை பிய்கிற மாதிரி ஒரு கூச்சல். இங்கே திரையில் கோல்கீப்பர் சாவகாசமாகக் கையுறையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"என்னய்யா, அங்க கோல்ங்கறான், இங்க இவன் ஜோடிச்சுக்கிட்டு நிக்கறான்?"

"அவங்க வேற ஆட்டம் பாக்கறாங்க போல."

நாற்பது எண்ணுவதற்குள் இங்கேயும் பந்து வலைக்குள் போயிற்று. மருந்துக்கடைக்காரர்தான் விளக்கினார்: கேபிள் நேரே வருகிறது, நெட் ஊரைச் சுற்றிக்கொண்டு வருகிறது. பேக்கரியில் இன்னும் கேபிள். அதாவது அண்ணன் இழுத்த கேபிள். இரண்டொரு பேர் கழுத்தில் கட்டிய துணியோடே பேக்கரிக்குப் போய்விட்டார்கள். மற்றவர்கள் நாற்காலியின் சுகத்துக்காகத் தங்கினார்கள்.

ஆனால் சலூன்காரர் அதில் வேறொன்றைக் கண்டுபிடித்தார். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

கேபிள் இருந்த காலத்தில் ஆட்ட நாள் என்றாலே கடையில் ரத்தம்தான். பந்து வலைக்குள் போனால் நாற்காலியில் இருப்பவர் துள்ளுவார். துள்ளுகிற தாடையில் கத்தி இருக்கும். போஸ்ட்மாஸ்டரின் மோவாயில் உள்ள தழும்புக்குப் பெயரே அரையிறுதி. ஒரு கோப்பைப் போட்டி முடிவதற்குள், கீறலில் தேய்க்கும் படிகாரக் கல் ஒன்று கரைந்துவிடும். இப்போது அப்படியில்லை. எதிரே கூச்சல் கேட்ட கணத்தில் சலூன்காரர் கத்தியை எடுத்துவிடுவார். வெளிச்சத்தில் பிடித்துக் கூர் பார்ப்பார், துடைப்பார், ஊதுவார். நாற்பது விநாடி கழித்து வாடிக்கையாளர் துள்ளி எழுந்து, கூச்சலிட்டு, மறுபடி உட்காருவார். கத்தி சாவதானமாகக் கன்னத்துக்குத் திரும்பும். ஏழு வாரமாக ஒரு கீறல் இல்லை. படிகாரம் காய்ந்து கிடந்தது.

"இந்த வயசுலயும் கை என்ன நிதானம்" என்று புகழ்ந்தார்கள்.

"எல்லாம் பழக்கம்தான்" என்பார் சலூன்காரர், தலையைக் குனிந்துகொண்டு.

தடுப்பில் திருகாணி கழன்ற ஓட்டை ஒன்று உண்டு. அதன் வழியே அவள் எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். புருஷன் மானத்தை நாமே வாங்குவானேன் என்று வாயைத் திறக்கவில்லை. ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் அண்ணன். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

சண்டை நடந்த அன்று மாலையே அவள் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, நாளைக்குக் காலைல கடைக்கு வா."

"அந்தக் கடைப் படியில கால் வைக்க மாட்டேன்னு சொன்னேன்ல."

"எந்தப் படி?"

"எந்தப் படின்னா?"

"ரெண்டு படி இருக்கு. இடது படி அவரோடது. வலது படி என்னோடது. நீ எந்தப் படியைச் சொன்னே?"

"உன் பக்கம் பொம்பளைங்க வர்ற இடம்."

"பன்னெண்டு மணி வரைக்கும் யாரையும் வரச் சொல்லல."

"நான் அந்த ஆளோட பேச மாட்டேன்."

"வாய்க்கு மேல நுரை இருக்கும். எப்படிப் பேசுவே?"

"அந்த டிவி மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

"என் பக்கம் டிவியே இல்ல."

"...ஆட்டம் இருக்கே நாளைக்கு. கடைசி ஆட்டம்."

"ஆட்டம் முக்கியமா, பேத்தி முக்கியமா?"

கணவரிடம் அவள் சுருக்கமாகத்தான் சொன்னாள். "நாளைக்கு என் பக்கம் வந்து ஒருத்தருக்குச் சவரம் பண்ணணும்."

"உன் பக்கமா? யாருக்கு?"

"ஏழு வாரத் தாடி."

அவர் எழுந்துபோய் டப்பாவைத் திறந்து, பிரிக்காத பிளேடு ஒன்றை எடுத்து, நாளைக்கென்று தனியாக வைத்தார்.

மறுநாள் பத்து மணிக்குக் கேபிள்காரர் வண்டியில் வந்தார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்து, தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு, வலது படியில் ஏறினார். பெண்களுக்குச் செய்த நாற்காலி என்பதால் முழங்கால் மோவாயை முட்டியது. பூப்போட்ட துணியை அவள் அவர் கழுத்தில் கட்டினாள்.

"வேற துணி இல்லையா?"

"என் கடையில இதுதான்."

தடுப்பைச் சுற்றிக்கொண்டு சலூன்காரர் கத்தரியோடு வந்து நின்றார். அந்தப் பக்கம் மருந்துக்கடைக்காரருக்கு ஒரு காதுவரை முடி வெட்டியாயிற்று. மறு காது காத்திருந்தது.

"உன் வீட்டுக்காரர்கிட்டச் சொல்லு" என்றார் கேபிள்காரர் சன்னலைப் பார்த்து. "காதோரம் பார்த்து எடுக்கணும்."

"உங்கண்ணன்கிட்டச் சொல்லு" என்றார் சலூன்காரர் சீப்பைப் பார்த்து. "கண்ணை மூடிக்கிட்டு எடுக்கற வழக்கம் இங்க இல்ல."

"ரெண்டு பேருக்கும் காது நல்லாக் கேக்குது" என்றாள் அவள். "நான் எதுக்கு நடுவுல தபால்காரி மாதிரி?"

கத்தரி ஓடியது. ஏழு வாரக் கோபம் பூத்துணி மேல் கொத்துக் கொத்தாக விழுந்தது. பாதி நரை. சலூன்காரர் கிண்ணத்தில் நுரை கலக்க ஆரம்பித்தபோது கேபிள்காரர் சன்னலிடம் சொன்னார்: "வயர் போனதுக்கு இல்லம்மா. தினம் பத்து வீட்ல கழட்டச் சொல்றாங்க, கழட்டிட்டுத்தான் வர்றேன். நான் ஊர்ல இல்லாத நாளாப் பார்த்து... நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"

பிரஷ் கிண்ணத்தில் நின்றது.

"நேர்ல சொல்லப் பயமா இருந்துச்சு" என்றார் சலூன்காரர். இம்முறை சீப்பைப் பார்த்துச் சொல்லவில்லை. "சரி, நெட்டே வச்சுக்கோங்கன்னு சொல்லிடுவீங்க. உங்க மூஞ்சி மட்டும் வாடிப்போகும். வாரா வாரம் அந்த மூஞ்சியத்தானே நான் கையில வாங்கணும்."

கேபிள்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பிரஷ் அவர் வாயை மூடிவிட்டது.

தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. இடது கன்னம் முடிந்தது. சலூன்காரர் தலையைப் பின்னால் சாய்த்து, தொண்டைத் தோலை விரலால் இழுத்துப் பிடித்து, கத்தியை வைத்தார். அவள் துடைப்பத்தோடு நின்றாள்.

சன்னல் வழியாகப் பேக்கரியின் கூச்சல் இடி மாதிரி வந்து விழுந்தது.

சலூன்காரரின் கை நூல் கட்டி இழுத்ததுபோல் மேலே போயிற்று. கூச்சல் என்றால் கத்தி மேலே. ஏழு வாரப் பழக்கம். அதே நொடியில் நாற்காலியிலிருந்து, பூத்துணியும் பாதி நுரையுமாக, கேபிள்காரர் எகிறினார். ஒரு மயிரிழை. கத்தி விலகிய இடத்தில் தொண்டை வந்து நின்றது.

"கோலா? யார் போட்டா?"

"உக்காருங்க மச்சான்" என்றார் சலூன்காரர், பழக்கத்தில். "இன்னும் நாப்பது செகண்ட் இருக்கு."

"எதுக்கு?"

"நம்ம டிவில கோல் விழ."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கேபிள்காரர் உட்காரவில்லை. சன்னலைப் பார்த்தார். தடுப்பைப் பார்த்தார். முப்பது வருஷம் வயரோடு பிழைத்த மூளை. மெதுவாகத்தான் ஓடும், ஆனால் சரியாக ஓடும்.

"அது பேக்கரி."

"ஆமா."

"பேக்கரி என் கேபிள்."

"...ஆமா."

"உங்க கை அதைக் கேட்டுத்தான் மேல போச்சு."

சலூன்காரர் கத்தியின் கூரை வெளிச்சத்தில் ஆராய்ந்தார். இம்முறை ஆராய அதில் ஒன்றும் இல்லை.

"தினமுமா?"

"ஆட்டம் இருக்கற அன்னைக்கு மட்டும்தான்."

"ஏழு வாரமா?"

"ஒரு கீறல் கிடையாது, மச்சான்."

"கனெக்‌ஷன் வேணாம்னு வயரைச் சுருட்டிக் குடுத்துட்டு, என் கேபிள் சத்தத்துல தொழில் பண்ணிக்கிட்டிருக்கீங்க."

"சத்தம் தானாத்தானே வருது. நான் என்ன வாங்கியா வந்தேன்?"

அந்தப் பக்கம் டிவியில் சத்தம் பொங்கியது. பெஞ்சு உருண்டது. "கோல்" என்று ஆறேழு தொண்டைகள் ஒன்றாகக் கத்தின.

"தெரியும்" என்று தடுப்புக்கு மேலே கத்தினார் கேபிள்காரர். "நாப்பது செகண்ட் முன்னாடியே தெரியும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அடக்கி வைத்த சிரிப்பு. நுரை தெறித்துக் கண்ணாடியில் ஒட்டியது. "என் கேபிள் முன்னாடி வருது. சொல்லுங்க மாப்பிள்ளை. எல்லாருக்கும் கேக்கற மாதிரிச் சொல்லுங்க."

மாப்பிள்ளை. அவள் திரும்பி நின்று, ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேசையைத் துடைத்தாள்.

"முன்னாடிதான், மச்சான்."

"அப்போ கை நிதானம், பழக்கம்னதெல்லாம்?" என்று மறுபக்கமிருந்து மருந்துக்கடைக்காரர் கேட்டார்.

"உங்களுக்கு இன்னொரு காது பாக்கி இருக்கு. ஞாபகம் வச்சுக்கிட்டுப் பேசுங்க" என்றார் சலூன்காரர்.

வலது கன்னம் பாதியில் இருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. மாவு படிந்த கையோடு பேக்கரிக்காரர்.

"உங்க வண்டி வெளிய நிக்குதேன்னு பாத்தேன். எவ்வளவு நாளாச்சு கேபிள்காரரே, தாடியெல்லாம் போயி... நல்லதாப் போச்சு. ஒரு விஷயம் சொல்லணும். தப்பா எடுத்துக்காதீங்க. நானும் இவரை மாதிரி நெட்டுக்கே..."

"வேண்டாம்" என்றன இரண்டு குரல்கள். யார் முந்தினார்கள் என்று சொல்ல முடியாது.

பேக்கரிக்காரர் திகைத்துச் சலூன்காரரைப் பார்த்தார். "நீங்க மாத்திட்டீங்களே?"

"அனுபவிச்சவன் சொல்றேன், கேளுங்க. கேபிள் மாதிரி வராது."

"மழை தூறினா நிக்குது."

"நிக்கட்டுமே. மழையை வேடிக்கை பாருங்க."

"நகைக்கடை விளம்பரமாப் போட்டுக் கொல்றான்."

"அந்த நேரத்துலதான் ரெண்டு பேர் எழுந்து வந்து பன்னு வாங்குவாங்க."

"இனிமே மழைக்கு நிக்காது" என்றார் கேபிள்காரர் அழுத்தமாக. "நாளைக்குக் காலைல நானே ஏறி மொத்த வயரையும் புதுசா மாத்திடறேன்."

"நாளைக்கு உங்க பொண்ணு வருதுன்னாங்க?"

"சாயங்காலம்தான் வருது."

"மூணு வருஷமா வயரை மாத்துங்கன்னு கெஞ்சறேன். இன்னைக்கு என்ன திடீர்னு?" பேக்கரிக்காரர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். எல்லாருடைய முகமும் வேறெங்கோ பார்த்தது. "சரி, வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்றேன்" என்று தலையைச் சொறிந்துகொண்டே தெருவைக் கடந்து போனார். சொறிந்த இடமெல்லாம் மாவு.

சவரம் முடிந்தது. கேபிள்காரர் கன்னத்தைத் தடவிப் பார்த்தார், இரண்டு பக்கமும் திரும்பிக் கண்ணாடி பார்த்தார். பூத்துணியை அவிழ்த்துத் தங்கை கையில் கொடுத்தார். வலது படியில் இறங்கினார். வீட்டுக்குப் போக வேண்டுமானால் வலப்பக்கம் திரும்ப வேண்டும். அவள் சன்னலில் எட்டிப் பார்த்தாள். அவர் இடப்பக்கம் திரும்பி, இரண்டே எட்டில் இடது படியேறி உள்ளே போய், "கொஞ்சம் நகருங்க" என்று பெஞ்சில் உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை, அந்தக் கோலைத் திருப்பிப் போட முடியுமா இதுல?"

"எத்தனை தடவை வேணும்னாலும் போடலாம், மச்சான்."

"பரவாயில்லையே" என்றார் அவர், ரொம்பவும் பெரிய மனதோடு. "பேக்கரிக்காரனுக்கு மட்டும் இது தெரியக்கூடாது. எதையாவது சொல்லி அவனைக் கேபிள்லயே வச்சிருக்கணும்."

"வச்சிருக்கணும்" என்றார் சலூன்காரர்.

"எங்க மூஞ்சிக்காக வச்சிருக்கணும்" என்றார் மருந்துக்கடைக்காரர், பாக்கிக் காதைக் கொடுத்தபடி.

அவள் பூத்துணியைச் சன்னலுக்கு வெளியே உதறினாள். எதிரே பேக்கரி வாசலில் அந்த மனிதர் கேபிள் வயர் வந்து இறங்கும் மூலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். அவள் தடுப்புக்கு மேலாகக் குரல் கொடுத்தாள்:

"ஏங்க, நாலு ஆம்பளை கன்னத்தைக் காப்பாத்த அந்த அப்பாவி இன்னும் எத்தனை வருஷம் நகைக்கடை விளம்பரம் பாக்கணும்?"